காலித் தெருவுக்குப் பிறகு

ஸ்டுடியோவில் அவளுக்குத் தூசி என்று பெயர். வைத்தவர் ஒலிக்காரர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யார் என்ன கேட்டாலும் "தூசி பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்பதற்கு மேல் அவள் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவள் ஆட்சேபிக்கவும் இல்லை. ஆட்சேபிக்க வேண்டுமென்றால் பேச வேண்டும்.

படித்தது வேதியியல். பழைய படங்களைச் சரிசெய்யும் இடத்தில் வேதியியலுக்கு என்ன வேலை என்று உறவினர்கள் கேட்டபோது, படச்சுருள் உண்டாவதும் வேதியியல்தான், கெட்டுப்போவதும் வேதியியல்தான் என்று சொல்ல நினைத்து, சிரித்துவைத்தாள். உண்மையில் வேலை முழுக்கக் கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால்தான். சுருளை ஸ்கேன் செய்து ஏற்றியதும் இயந்திரம் தானாக ஒரு முறை சுத்தம் செய்யும். சுருளில் அடுத்தடுத்து வரும் சின்னப் படங்களில், முந்தையதிலும் இல்லாமல் அடுத்ததிலும் இல்லாமல் நடுவில் ஒன்றில் மட்டும் தெரிகிற எதையும் அது தூசி என்று முடிவுகட்டி அழித்துவிடும். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அடுப்பிலிருந்து தெறிக்கும் பொறியும், கம்மலில் பட்டு மின்னும் வெளிச்சமும், வேகமாக வீசிய கையின் விரல் நுனியும்கூட ஒரே ஒரு படத்தில்தான் இருக்கும். இயந்திரம் அதையெல்லாம் கண்டதா? எது தூசி, எது பொறி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, தவறாகப் போனதைத் திரும்ப வைப்பது அவள் வேலை.

"காலம் போட்டத எடு. மனுஷன் போட்டதத் தொடாதே." இது டாக்டரின் சட்டம். டாக்டர் ஊசி போடுகிறவர் இல்லை, ஸ்டுடியோவை நடத்துகிறவர். வருகிற ஒவ்வொரு சுருளையும் நோயாளி, நோயாளி என்று சொல்லிச் சொல்லித் தானே டாக்டர் ஆகிவிட்டார்.

இப்போது வந்திருந்த நோயாளி பெரிய இடம். ஒரு காலத்தில் எல்லார் வாயிலும் இருந்த பாட்டுப்படம். பாட்டுகள் இன்றைக்கும் ரேடியோவில் வருகின்றன. படம்தான் காணாமல் போயிருந்தது. தயாரிப்பாளரின் கிடங்கு தீப்பிடித்தபோது எல்லாம் சாம்பலாகிவிட்டது என்று அவரே நம்பி, அந்த வருத்தத்தோடே போய்ச் சேர்ந்தார். பிறகு வேறொரு இடத்தில், வேறு படத்தின் பெயர் ஒட்டிய டப்பாக்களில் மூலப்பிரதி கிடைத்தது.

கதை சிக்கலில்லாதது. மேடையில் பாடுகிற ஒருத்தி. அவள் பாட்டில் மயங்கிக் கல்யாணம் செய்துகொண்டவன், கல்யாணமானதும் இனி நீ பாடக் கூடாது என்கிறான். பாட்டுப்படத்தில் அந்தச் சட்டம் எவ்வளவு நேரம் செல்லுபடியாகும்? ஒரு நாள் பையைக் கட்டிக்கொண்டு கதவைத் திறக்கிறாள். 'கதவு சிறிது, காற்று பெரிது' என்று பாடியபடி படியிறங்கித் தெருவில் நடந்து, முனையில் திரும்பி மறைகிறாள். கேமரா அவளோடு போகாமல் காலித் தெருவைப் பார்த்தபடி நிற்கிறது. அந்தப் பாட்டைத் தெரியாதவர்கள் கிடையாது.

அதன் பிறகு வருவதுதான் பெரும்பாலோருக்கு நினைவில்லாதது. அதே முனையில் அவள் மறுபடி தோன்றுகிறாள். மெதுவாக நடந்து வீட்டுக்கு வருகிறாள். கணவன் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறான். அவள் பையை அவன் காலடியில் வைக்கிறாள். அவன் எழுந்திருக்கவில்லை, தாளை இறக்கவும் இல்லை. தாளுக்குப் பின்னாலிருந்தே, வழி தவறிய குருவி கூடு வந்து சேர்ந்தது என்று இரண்டு வரி பாடுகிறான். அவள் புன்னகைத்துவிட்டுச் சமையலறைக்குப் போகிறாள். முற்றும். இசைத்தட்டில் ஏறாத துண்டுப் பாட்டு அது. அதனால் ரேடியோவிலும் வந்ததில்லை.

அந்தத் துண்டைப் பற்றிப் பேசத்தான் தயாரிப்பாளரின் மருமகன் வந்தார். படத்தின் உரிமை இப்போது அவரிடம். மாமனார் இறந்து இத்தனை காலமாகியும் எல்லாருக்கும் அவர் மாப்பிள்ளைதான். மாப்பிள்ளை முறுக்கும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அன்று மட்டும் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

"டாக்டர், நேத்து என் பொண்ணோட உக்காந்து பார்த்தேன். அப்படி ரசிச்சா. கதவத் திறந்துக்கிட்டு போறப்ப கை தட்டினா. திரும்பி வந்து அவன் கால்ல பைய வெச்சா பாருங்க, எழுந்து போயிட்டா. 'இதையா தாத்தா எடுத்தாரு?'ன்னு கேட்டா. என்கிட்ட பதில் இல்ல."

"நல்ல கேள்விதானே," என்றார் டாக்டர்.

"ஒருத்தி கேட்டா நல்ல கேள்வி. ஊரே கேட்டா? பேசாம காலித் தெருவுலயே முடிச்சிடுவோம். அதுக்கப்புறம் வர்றது யாருக்கு வேணும்? இல்லேன்னா இப்பத்தான் கம்ப்யூட்டர் இருக்கே. அந்தம்மா முகம், குரல் ரெண்டையும் வெச்சு, எங்கேயோ பெரிய மேடையில பாடற மாதிரி புது முடிவே பண்ணிடலாமே."

"தாராளமா பண்ணலாம்," என்றார் ஒலிக்காரர். "அப்படியே என் கல்யாண வீடியோவுக்கும் ஒரு புது முடிவு பண்ணிக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்."

டாக்டர்கூடச் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கும் நேரத்தில் "கூடாது" என்று ஒரு குரல் கேட்டது. அது தன்னுடையது என்று தூசிக்கே சற்றுப் பிறகுதான் புரிந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏம்மா?" என்றார் மாப்பிள்ளை.

"அது அழுக்கு இல்ல சார். அவங்க எடுத்தது. அப்ப அவங்களுக்கு அது நல்ல முடிவாத்தான் பட்டிருக்கு. நாம இப்ப அத எடுத்துட்டா, அவங்க வேற மாதிரி இருந்தாங்கன்னு நாம பொய் சொன்ன மாதிரி ஆயிடும்."

"என் மாமனாரப் பத்தி நல்லதா ஒரு பொய் சொன்னா யாருக்கு என்ன நஷ்டம்?"

ஆனால் மாப்பிள்ளை விடாப்பிடியாக இல்லை. எழுந்துகொண்டே சொன்னார்: "அடுத்த வாரம் வர்றேன். எல்லாரும் யோசிச்சு வைங்க. உங்கள்ள ஒருத்தராவது சரின்னு சொன்னா வெட்டிடலாம். எல்லாருமே வேணாம்னா நான் மட்டும் ஒத்தக் கால்ல நிக்க மாட்டேன்."

*

வீடு மாடியில். கீழே இரண்டு கடைகள்: அம்மாவின் மூக்குக்கண்ணாடிக் கடை, அப்பாவின் மருந்துக்கடை. நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரைத் தட்டித்தான் இருவரும் முதலில் பழகினார்கள் என்று அப்பா சொல்வார். அம்மா லென்ஸ் தேய்க்கிற சத்தம் தாங்காமல் அவர்தான் முதலில் தட்டினார் என்று அம்மா சொல்வாள்.

எந்தப் படம் வந்திருக்கிறது என்று வெளியே சொல்லக் கூடாது என்பது ஸ்டுடியோ வழக்கம். இத்தனை நாள் அதைக் காப்பாற்றியவள், அன்று மனசு கொதித்துக்கொண்டிருந்ததால் சாப்பிடும்போது சொல்லிவிட்டாள்.

அம்மாவின் கை பாதியில் நின்றது. "அந்தப் படமா? இருக்கா அது?"

"இருக்கும்மா. நான்தான் பார்க்கறேன்."

"இத இப்ப சொல்றா பாருங்க. கல்லுளிமங்கி!" அம்மா அப்பாவிடம் முறையிட்டுவிட்டு மறுபடி இவள் பக்கம் திரும்பினாள். "அந்தத் தெரு தெளிவா இருக்கா? அவ முனை திரும்பினதும் தெரு மட்டும் அப்படியே இருக்குமே, அது?"

"ரொம்பத் தெளிவா இருக்கு. ஆனா முடிவ மாத்தணும்னு ஒருத்தர் வந்திருக்காரு."

"எவன் அவன்? அதுக்கு மேல என்னத்த மாத்துவான்? அவ போயிட்டா. தெரு. முற்றும். அப்படி ஒரு முடிவு எவன் வைப்பான் இந்தக் காலத்துல?"

தூசி தட்டைப் பார்த்தாள். "தெருவோடயா முடியும்?"

"பின்னே? நான் பார்த்தவ சொல்றேன். போன வருஷம் ஒரு கஸ்டமர், திரும்பி வந்துடுவா, புருஷன்கூடச் சேர்ந்துடுவான்னு என்கிட்டயே அடிச்சுப் பேசினாங்க. வேற எந்தப் படத்தையோ போட்டுக் குழப்பிக்கிட்டு. அவங்களுக்குக் கண்ணுல மட்டும் கோளாறு இல்ல."

அப்பா தண்ணீர் எடுக்க எழுந்து போனார். மேசை மேல் கூஜா நிறையத் தண்ணீர் இருந்தது.

அம்மாவுக்கு அப்பாவுக்கு முன்னால் ஒரு கல்யாணம் நடந்திருந்தது. வீட்டில் யாரும் அதை மறைத்ததில்லை. அந்த மனிதர் அடித்ததில்லை, குடித்ததில்லை. அம்மா எங்கே கிளம்பினாலும் "எதுக்கு?" என்று கேட்பார். அவ்வளவுதான். கடைக்கு எதுக்கு, அண்ணன் வீட்டுக்கு எதுக்கு, கண் பரிசோதனைப் படிப்பு எதுக்கு. பதில் சொல்லிச் சொல்லி ஒரு கட்டத்தில் எதற்குமே காரணம் இல்லை என்று அம்மாவுக்கே தோன்றிவிட்டது. அப்போதுதான் ஒரு நாள் அண்ணி டிக்கெட் எடுத்து அந்தப் படத்துக்குக் கூட்டிப் போனாள். மறுநாள் காலையில் அம்மா பையோடு அண்ணன் வீட்டு வாசலில் நின்றாள். "அவ போனா, நானும் போனேன்" என்பாள், யார் கேட்டாலும். தூசி அந்த ஒரு வாக்கியத்தில் வளர்ந்தவள்.

*

மறுநாள் மதிய இடைவேளையில் ஸ்டுடியோ படிக்கட்டில் உட்கார்ந்து மாமாவுக்குப் போன் செய்தாள். அம்மாவின் அண்ணன். அந்தக் காலத்தில் அவர்கள் இருந்த ஊரின் ஒரே தியேட்டரில் டிக்கெட் கிழித்தவர்.

"என்ன மருமகளே, அதிசயமா இருக்கு! நீயா பேசறே, இல்ல உங்கம்மா குரல மாத்திப் பேசறாளா?"

"நான்தான் மாமா. அம்மா பார்த்தாங்களே, அந்தப் படம். அத உங்க தியேட்டர்ல கடைசி வரைக்கும் ஓட்டினீங்களா?"

"நாங்க எந்தப் படத்தக் கடைசி வரைக்கும் ஓட்டினோம்?" என்றார் மாமா.

"அப்படின்னா?" என்றாள்.

"ஆத்தங்கரை ஊரும்மா அது. பாதிக் கூட்டம் அக்கரையிலேருந்து வரும். படம் முடியற நேரமும் கடைசிப் படகு எடுக்கற நேரமும் ஒண்ணு. கடைசி சீன் வந்தாப் போதும், எழுந்து ஓடுவான். நாற்காலி சத்தம், செருப்பு சத்தம், 'மறைக்காதேடா'ன்னு பின்னாடி இருக்கறவன் கத்தற சத்தம். மேனேஜர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாரு. ஆபரேட்டரக் கூப்பிட்டு, படத்த எங்க நிறுத்தினா மரியாதையா இருக்குமோ அங்க வெட்டிட்டு, 'முற்றும்'கற துண்ட எடுத்து அங்கயே ஒட்டிடுன்னுட்டாரு. எங்க ஊர் ஜனம் எல்லாப் படத்தையும் அப்படித்தான் பார்த்துச்சு. பெட்டி திரும்பிப் போறப்ப பழையபடி ஒட்டி அனுப்பிடுவோம்."

"அம்மாகிட்ட சொல்லலையா?"

"விடிஞ்சும் விடியாம பையோட வந்து நிக்கறா. உள்ள வான்னு சொல்றதா, 'இரும்மா, படம் இன்னும் கொஞ்சம் இருக்கு'ன்னு சொல்றதா?" மாமா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "ஆமா, அந்த மிச்சத்துல என்னதான் இருந்துச்சு? சமாதானமா?"

"ஆமா மாமா."

"நெனைச்சேன்," என்றார்.

போனை வைத்த பிறகும் அவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். அம்மா அந்த ஊரில் அந்தக் காலித் தெருவைப் பார்த்தாள், கிளம்பினாள், படித்தாள், இந்தக் கடையைப் பிடித்தாள், சுவரை யாரோ தட்டினார்கள். படகுக்காரன் கொஞ்சம் சோம்பேறியாக இருந்து படகைத் தாமதமாக எடுத்திருந்தால், தான் பிறந்தே இருக்க மாட்டோம் என்று நினைத்தாள். இதைச் சிரிப்பதற்கான விஷயமாக எடுத்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை.

மாப்பிள்ளை வெட்டச் சொல்கிற இடமும் ஆபரேட்டர் வெட்டிய இடமும் ஒன்றே. அடுத்த வாரம் அவள் "சரி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். படம் எல்லா ஊரிலும் அம்மாவின் படமாக ஓடும். சொல்லாவிட்டால் அம்மா முதல் நாளே போய், முதல் வரிசையில் உட்கார்ந்து மிச்சத்தையும் பார்ப்பாள்.

அன்று மாலை மருந்துக்கடையில் கூட்டம் ஓய்ந்ததும் அப்பாவிடம் போனாள். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும் போலிருந்தது. மாமா சொன்னதை அப்படியே சொன்னாள். அவர் மாத்திரை அட்டைகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டே கேட்டார். ஆச்சரியப்படவே இல்லை.

"அப்பா, உங்களுக்குத் தெரியுமா?"

"நான் எங்க ஊர்ல பார்த்தேன்மா. எங்க ஊர்ல ஆறு இல்ல."

"அம்மாகிட்ட?"

"முதல் தடவ அவ அந்தக் கதையச் சொன்னப்ப சொல்லத்தான் வாயத் திறந்தேன். அவ முகத்தப் பார்த்தேன். மூடிட்டேன். அன்னிக்கு சொல்லாதத மறுநாள் சொல்ல முடியல. மறுநாள் சொல்லாதத கல்யாணத்துக்கு அப்புறம் எப்படிச் சொல்றது?" அடுக்கிய அட்டைகளைக் கலைத்து மறுபடி அடுக்கினார். "பயம்மா. படத்துல அவ திரும்பிட்டான்னு தெரிஞ்சு, இவளும் ஒரு நிமிஷம் யோசிச்சுட்டான்னா?"

"இப்பவுமா பயம்?"

"இப்ப வேற பயம். நான் மறைச்சது தெரிஞ்சா என்ன ஆகும்னு." அவர் அவளை நேராகப் பார்த்தார். "அந்த மாப்பிள்ளை சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு இல்ல? வெட்டினா வெட்டிட்டுப் போகட்டுமே. நீ ஒண்ணும் சொல்ல வேணாம். சும்மா இரு. சும்மா இருக்கறதுதான் உனக்கு நல்லா வருமே."

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். கண்ணில் கிண்டல் இல்லை.

அதன் பிறகு வந்த நாட்களில் அவள் அந்தக் கடைசித் துண்டில்தான் வேலை செய்தாள். திரும்பி வந்தவள் பையைக் கீழே வைக்கிற இடத்தில் இயந்திரம் ஒரு வெண்புள்ளியை அழித்திருந்தது. பழைய ஸ்கேனைத் திறந்து பார்த்தாள். பையின் கொக்கி விளக்கில் பட்டு மின்னிய புள்ளி. தூசி இல்லை. திரும்ப வைத்தாள். ஓட்டிப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. யாரும் கேட்கப் போவதும் இல்லை. இதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறவள், கதாநாயகி திரும்பி வரும் தெருவையும் வீட்டையும் அம்மாவின் கண்ணிலிருந்து எப்படித் துடைப்பது? துடைக்கலாம் என்று அப்பாவுக்காகத் தோன்றியது. கூடாது என்று அம்மாவுக்காகத் தோன்றியது. அம்மாவுக்காகவா, தனக்காகவா என்பதுதான் தெரியவில்லை.

கடைசியில் டாக்டரிடம் போய் நின்றாள். "சார், ஒருத்தருக்குப் படத்தப் போட்டுக் காட்டணும்."

"யாருக்கு?"

"எங்கம்மாவுக்கு."

டாக்டர் காரணம் கேட்கவில்லை. அவள் தானாக வந்து ஒன்று கேட்டதே அவருக்குப் போதுமான அதிசயமாக இருந்தது.

*

ஸ்டுடியோவின் சின்னத் திரையரங்கில் ஒரு காலை நேரத்தில் அம்மாவும் அவளும் மட்டும் உட்கார்ந்தார்கள். அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு, கடையின் புது ஃபிரேம் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பாட்டுகளுக்கெல்லாம் கூடவே முணுமுணுத்தாள். "நான் நெனைச்சத விட ஒல்லியா இருக்கா," என்றாள் ஒரு முறை. கதவுப் பாட்டு வந்தபோது முணுமுணுக்கவில்லை. கையைக் கோத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

காலித் தெரு வந்தது. அம்மா மூச்சு விட்டாள். கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்கத் தயாரானாள்.

தெரு முனையில் ஓர் உருவம் வந்தது.

"யாருடி அது?"

"அவதாம்மா."

"எதையாவது மறந்துட்டாளா?"

திரையில் அவள் வீட்டுக்குள் போனாள். பையைக் கீழே வைத்தாள். அதை மறுபடி எடுப்பாள் என்று அம்மா கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து பாட்டு வந்தது. அவள் புன்னகைத்துச் சமையலறைக்குப் போனாள். வெளிச்சம் வந்தது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அம்மா வெள்ளைத் திரையைப் பார்த்தபடி இருந்தாள். "அந்தப் பேப்பர இறக்கக்கூட இல்லையே அவன்," என்றாள். பிறகு, "அப்ப அந்தக் கஸ்டமர் சொன்னது சரி. அவங்களுக்குப் போய், 'உங்களுக்கு லென்ஸ் போதாது, மூளைக்கும் ஒண்ணு வேணும்'னேன்."

தூசி படகைப் பற்றிச் சொன்னாள். மேனேஜரைப் பற்றி, ஆபரேட்டர் வெட்டி ஒட்டியதைப் பற்றி. அம்மா சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நடுவில் எங்கேயோ வேறாக மாறியது. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். கண்ணாடியை அப்படித் துடைக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள்.

"இத முழுசாப் பார்த்திருந்தா நான் போயிருப்பேனா?" என்று கேட்டாள்.

"போயிருப்பேம்மா."

"உனக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியல. அண்ணி என்னைக் கூட்டிட்டுப் போனப்ப எனக்கு எதுவும் தோணல. வெளிய வந்தப்ப தோணிச்சு. நடுவுல இருந்தது படம் மட்டும்தான்." கண்ணாடியைத் தலைப்பால் மறுபடி துடைத்தாள். "ஒரு படகுக்காரனுக்கு நான் இவ்வளவு கடன்பட்டிருக்கேன். அவன் பேர்கூடத் தெரியாது."

"முடிவ மாத்தச் சொன்னவரு நாளைக்கு வர்றாரு. நான் சரின்னு சொன்னா அந்தத் துண்ட எடுத்துடுவாங்க. சொல்லட்டுமா?"

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு காலித் திரையை மறுபடி பார்த்தாள்.

"அவன் பேப்பர இறக்காம பாடினான் பாரு, அப்ப எனக்கு வந்துச்சு ஒரு கோவம். அந்த நாற்காலிய அப்படியே கவுத்துடலாம்னு. இத்தனை வருஷம் அந்தப் படத்த நெனைச்சு நெனைச்சு சந்தோஷப்பட்டிருக்கேன், ஒரு நாளும் கோவப்பட்டதில்ல. பார்க்கறவங்களுக்கு அந்தக் கோவம் வரட்டுமே. எதுக்கு எடுக்கறே?" பிறகு எழுந்து, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எதுவோ நினைவு வந்ததுபோல் திரும்பினாள். "உங்கப்பா அந்தக் காலத்துலயே இந்தப் படத்தப் பார்த்திருக்கேன்னு ஒரு தடவ சொன்னாரே. எங்க பார்த்தாரு?"

தூசி தரையைப் பார்த்தாள்.

"சரி, வா போகலாம்," என்றாள் அம்மா.

*

மறுநாள் மாப்பிள்ளை ஒவ்வொருவராகக் கேட்டார். ஒலிக்காரர் வேண்டாம் என்றார். டாக்டர் வேண்டாம் என்றார். தூசி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதோடு நிறுத்திக்கொள்ளாமல் ஆற்றங்கரைத் தியேட்டரைப் பற்றியும் சொன்னாள். அம்மாவைப் பற்றிச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை துள்ளினார். "பார்த்தீங்களா! எனக்கு முன்னாடியே ஒருத்தர் வெட்டியிருக்காரு. அதே இடத்துல!"

"அவர் படகுக்காக வெட்டினாரு," என்றார் டாக்டர். "நீங்க எதுக்காக?"

"என் பொண்ணுக்காக."

"உங்க பொண்ணுதான் அந்த முடிவப் பார்த்துட்டுத் தானாவே எழுந்து போயிட்டாளே சார்," என்றாள் தூசி. "அவளுக்கு யாரும் வெட்டிக் குடுக்கலையே."

மாப்பிள்ளை அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபப்படலாமா என்று யோசிப்பதுபோல் இருந்தது. பிறகு பேனாவைக் கேட்டார். "கையெழுத்துப் போடறேன். ஆனா ஒண்ணு. இதே கதைய புதுசா எடுக்கப் போறேன். புது ஆளுங்க, புது பாட்டு. அதுல அவ திரும்பி வர மாட்டா."

"பேஷா எடுங்க," என்றார் டாக்டர். "அம்பது வருஷம் கழிச்சு அதையும் இங்கயே கொண்டு வாங்க."

வீட்டில் முந்தைய நாளிலிருந்தே ஊமை யுத்தம். அம்மா அப்பாவிடம் பேச வேண்டியதையெல்லாம் மகளிடம் பேசினாள். "சாப்பிட வரச் சொல்லு." "கடைச் சாவி எங்கன்னு கேளு." சுவரின் அந்தப் பக்கம் அப்பா இரண்டு முறை தட்டிப் பார்த்ததாகவும் லென்ஸ் தேய்க்கிற சத்தம் இன்னும் பலமானதாகவும் கேள்வி.

அன்று மாலை மூவரும் மேசையில் உட்கார்ந்தபோது தூசி விஷயத்தைச் சொன்னாள். வெட்டவில்லை. முழுப் படமும் வரும். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். கையில் எடுத்த சாப்பாடு கையிலேயே இருந்தது.

"எந்த ஊர்ல பார்த்தீங்க?" என்றாள் அம்மா, நேராக அவரிடம்.

அப்பா நிமிர்ந்தார். மகளைப் பார்த்தார். பிறகு ஒளிய இடமில்லை என்று தெரிந்ததுபோல், "எங்க ஊர்லதான். தனியாப் போய்ப் பார்த்தேன்," என்றார்.

"பிடிச்சுதா?"

"ம்."

"கடைசி?"

"அதுவும்தான்." குரல் உள்ளே போயிருந்தது. "அழுதுட்டேன்."

"அழுதீங்களா! அவ திரும்பி வந்ததுக்கா?"

"சந்தோஷத்துல."

அம்மா வாயைத் திறந்து, எதுவும் சொல்லாமல் மூடினாள். சிரிப்பா கோபமா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று அவள் முகத்தில் ஏறி இறங்கியது. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டாள்.

"சொல்லுங்க. இத்தனை வருஷம் சொல்லாதத இப்ப சொல்லுங்க. என்னதான் நடக்கும் அதுல? ஒண்ணும் விடாம."

அப்பா தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தார். "தெரு காலியா இருக்கும். மழை தூற ஆரம்பிக்கும். முனையில அவ வந்து நிப்பா. வர்றதா வேணாமான்னு தெரியாம நிப்பா. அதுக்குள்ள அவன் வாசல்ல வந்துடுவான். பேப்பரத் தூக்கிப் போட்டுட்டு, செருப்புகூடப் போடாம, நனைஞ்சுக்கிட்டே ஓடி வருவான். அவ கையிலேருந்து பைய வாங்கிப்பான். 'இனிமே நீ பாடு, நான் கேக்கறேன்'ம்பான். ரெண்டு பேரும் பாடிக்கிட்டே நடந்து வருவாங்க." அவர் கண் கலங்கியிருந்தது. "அந்த இடத்துலதான் அழுதேன்."

தூசி அந்தத் துண்டை ஒவ்வொரு படமாகப் பார்த்தவள். மழை இல்லை. ஓடி வந்தவன் இல்லை. பையை யாரும் வாங்கவில்லை. அவள் வாயைத் திறந்தாள்.

மேசைக்கு அடியில் அம்மாவின் கால் அவள் காலை அழுத்தியது.

"நல்லாத் தூறிச்சா மழை?" என்று அம்மா அப்பாவிடம் கேட்டாள்.

"நல்லாத் தூறிச்சு," என்றார் அவர்.